பஞ்சாரத்துப் பாரம்

கிளப்பில் புல் வெட்டும் மிசினுக்கு மற்ற எதுவும் ஆகும், பனி மட்டும் ஆகாது. கல்லில் இடித்தாலும் ஓடும். தண்ணீர் கலந்த பெட்ரோலை ஊற்றினாலும் இருமிக்கொண்டு ஓடும். காலையில் மூடுபனி இறங்கி மேக்னட்டோவுக்குள் ஈரம் ஏறிவிட்டால் அதோடு சரி. கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்துத் தோள்பட்டை கழன்றாலும் பிளக்கில் பொறி வராது. ‘இங்கிலாந்துலயும் பனி உண்டேப்பா’ என்பார் செக்ரட்டரி சுவாமிநாதன். அங்கே எப்படிச் சமாளித்தார்கள் என்பது அவருக்கும் தெரியாது.

பரமானந்தம் சமாளித்தது ரொட்டி அடுப்பை வைத்து. கிளப்புக்குக் கீழே இறக்கத்தில் உபகாரத்தின் ரொட்டிக்கடை இருந்தது. உபகாரம் விடியுமுன் அடுப்புக்குள் விறகை எரித்து, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, அந்தச் சூட்டில் ரொட்டியை விடுவான். ரொட்டி வெளியே வந்த பிறகு அடுப்புக்கு வேலை இல்லை. செங்கல் மட்டும் மத்தியானம் வரைக்கும் வெதுவெதுப்பாக இருக்கும். பரமானந்தம் மேக்னட்டோவைக் கழற்றி, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்து, அடுப்பின் உள் மூலைக்குத் தள்ளிவிடுவான். பிறகு ஒரு டீ, ஒரு பீடி, உபகாரத்தோடு கொஞ்சம் ஊர்வம்பு. எடுத்துக்கொண்டு போய் மாட்டினால் மிசின் முதல் இழுப்பிலேயே கத்தும். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது.

மேக்னட்டோ பெரிய சங்கதி இல்லை. இரண்டு கையில் ஏந்துகிற அளவுக்கு ஒரு இரும்பு உருண்டை. உள்ளே காந்தமும், தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிய காயிலும் இருக்கும். பிளக்குக்குப் பொறி கொடுப்பது அதுதான். மிசினில் பேட்டரி கிடையாது. மேக்னட்டோ செத்தால் மிசின் செத்தது.

மிசின் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. அதற்கு முன் கிளப்பின் புல்லைப் பெண்கள் வரிசையாகக் குத்தவைத்துக் கருக்கருவாளால் அறுத்தார்கள். வரிசையில் முதல் ஆள் பரமானந்தத்தின் அக்கா கித்தேரியம்மாள். மிசின் வந்த வாரமே வரிசையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிசினைத் தள்ள ஆள் வேண்டும் என்றபோது பரமானந்தம் போய் நின்றான். அதுவரை அவன் தோல் பதனிடப் போகும் வாட்டில் மரப்பட்டையைக் கட்டுக்கட்டாக முதுகில் ஏற்றிக்கொண்டு அடுக்கம் மலைப்பாதை வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தவன். ஏறும்போது உப்பு மூட்டை. அந்தச் சுமையில் வளைந்த கழுத்து இன்னமும் இடது பக்கம் முழுதாகத் திரும்பாது. கிளப் வேலையோடு பின்கட்டில் தகரக்கூரை போட்ட ஒரு அறையும் கிடைத்தது. தரை பலகை. சுவரில் ஓட்டை இல்லை. அவன் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் பிறந்தார்கள். அந்த அறை மிசின் ஓட்டுகிறவனுக்கு என்று ஏற்பாடு.

அக்கா அன்றிலிருந்து தம்பியை மிசினு என்றுதான் கூப்பிட்டாள்.

அந்த வருஷம் பெரிய வியாழன் அன்று காலையிலும் பனி. பரமானந்தம் டின்னோடு போனபோது உபகாரம் கடையில் இல்லை. அவன் பெண்டாட்டி புஷ்பமேரி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“வச்சிட்டுப் போறேன் மதினி.”

“வைங்க” என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அடுப்பு இரண்டு தடவை எரியும். மறுநாள் பெரிய வெள்ளிக்கு மிஷன் பள்ளிக்கூடத்துக்கும் பங்களாக்களுக்கும் சிலுவைக் கோடு போட்ட பன் போக வேண்டும். இது பரமானந்தத்துக்குத் தெரியும். டின் தினமும் அடுப்புக்குள் இருக்கும் என்பது புஷ்பமேரிக்குத் தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே இரண்டு பேரும் யோசிக்கவில்லை. உபகாரம் வந்தான், விறகை உள்ளே அடுக்கினான், பற்றவைத்தான்.

பரமானந்தம் கிளப் கொட்டகையில் பிளேடுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். அப்போது கோயில் பக்கமிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டது. தச்சன் யாரோ என்று நினைத்தான். மறுபடியும் கேட்டது. மணி அடிக்கக் கூடாத நாட்களுக்காகக் கோயில்பிள்ளை மரத்தட்டையை எடுத்துத் தட்டிப் பார்க்கிறான், இன்று பெரிய வியாழன், அடுப்பு இரண்டாவது தடவை எரியும் என்பது உறைத்ததும் அரத்தைப் போட்டுவிட்டு இறக்கத்தில் ஓடினான்.

உபகாரம் நீளக் கம்பியால் டின்னை இழுத்து வெளியே போட்டான். அடி சிவந்திருந்தது. உள்ளேயிருந்து அரக்கு உருகிக் கறுப்பாகச் சொட்டியது. கடை முழுக்கத் தீய்ந்த நாற்றம்.

“ஏலே, டின்னு உள்ளயா கெடந்துச்சு?”

“தெனமும் எங்கண்ணே கெடக்கும்?”

“தெனமும் ரெண்டு தடவையா எரிக்கிறேன் நானு? இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியாதா ஒனக்கு? நீயும் கோயிலுக்குப் போறவன்தானே?”

புஷ்பமேரி மாவுக் கையோடு வாசலில் வந்து நின்றாள். “யாரும் வேணும்னு செய்யல. ஆற விட்டுப் பாருங்க. சூடு தணிஞ்சா சரியாப் போகும்.”

ஆறவிட்டு மாட்டினான். பிளக்குக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டக்காரனைக் கயிறு இழுக்கச் சொன்னான். முன்பெல்லாம் முழங்கை வரைக்கும் உதறித் தள்ளும். இப்போது கை சும்மா இருந்தது.

செக்ரட்டரி மெட்ராஸில் மிசினுக்கு உதிரிப்பாகம் விற்கும் கம்பெனிக்கு டிரங்கால் போட்டுப் பேசினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கிளப்புக்கு வெள்ளைக்காரர் அல்லாத முதல் செக்ரட்டரி அவர்தான். அதனாலேயே கமிட்டிக்குப் பயந்தவர். பேசி முடித்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார்.

“ஸ்டாக் இல்லையாம். கப்பல்ல வரணும், அதுக்கு கவர்மெண்ட் லைசென்ஸ் வேணும், அடுத்த வருஷம் கேளுங்கிறான்.”

“சரிங்க சார்.”

“என்ன சரி? மே முதல் வாரம் டோர்னமெண்ட். மெம்பர்ஸ் எல்லாம் ஃபேமிலியோட வர்றாங்க. அதுக்குள்ள மிசின் ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுன்னு கமிட்டியில சொல்லிட்டாங்க. மிசினே இல்லைன்னா மிசின்காரன் எதுக்குன்னு கேப்பாங்க. அந்த ரூமை சமையல்காரன் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான். நான் சொல்றது புரியுதா?”

“புரியுதுங்க சார்.”

“அது வரைக்கும் ஒங்க அக்காவை ஆள் கூட்டிட்டு வரச் சொல்லு.”

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை வெள்ளனே வரிசை வந்து சேர்ந்தது. கித்தேரியம்மாளுக்கு முடி நரைத்துவிட்டது, ஆனால் உட்கார்ந்தபடியே நகர்ந்து அறுக்கிற வேகம் குறையவில்லை. அவளுக்குப் பக்கத்தில் புஷ்பமேரி. ரொட்டிக்கடை மாவு வேலை விடிகாலையிலேயே முடிந்துவிடும் என்பதால் அவளும் சேர்ந்துகொண்டாள். மற்றவர்கள் அட்டுவம்பட்டிப் பெண்கள். குளிர்காலம் முழுக்கக் கூலி இல்லாமல் கிடந்தவர்கள். அறுவாளைத் தீட்டிக்கொண்டே சிரித்தார்கள்.

“ஏலே மிசினு, ஒனக்கு ஒடம்பு சரியில்லையாமே?” என்றாள் கித்தேரியம்மாள்.

“ஒஞ் சோலியப் பாருக்கா.”

“சோலியத்தான் பாக்க வந்திருக்கோம். எங்களுக்குப் பனி புடிக்காது, மழை புடிக்காது. பெட்ரோலும் வேணாம். கஞ்சி ஊத்துனா ஓடுவோம்.”

“கயிறு கட்டி இழுக்கவும் வேணாம்” என்றாள் ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரிப்பு நகர்ந்தது. பரமானந்தம் மேக்னட்டோவைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறப் போனான்.

பெருமாள்மலையில் மலைச்சாமிக்கு லாரிப் பட்டறை. அவன் கவிழ்த்துப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், திருப்பிக் கொடுத்தான்.

“பன்னு கூட வச்சுச் சுட்டயாமே? வத்தலக்குண்டு டிரைவர் வரைக்கும் பேச்சு போயிருச்சு.”

“சிரிச்சது போதும்ணே. வழி சொல்லுங்க.”

“லாரிக்கெல்லாம் பேட்டரிடா. இதுக்கு நான் எங்க போவேன்? மதுரைக்குப் போ. அங்க காயில் கட்றவன் இருப்பான்.”

மதுரையில் இறங்கியதும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மலையில் இருந்தவனுக்கு அந்த வெயில் ஒரு சுமை. காயில் கட்டும் கடைக்காரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கருகிய கம்பியின் நுனியை நகத்தால் பிரித்துப் பார்த்தான்.

“மோட்டார் காயில்னா கட்டலாம். இந்த மெலிசுல கம்பி எங்கிட்ட இல்ல. இந்த ஊர்லயே இல்ல. அப்படியே கட்டுனாலும் பொறி நிக்காது. இதே கம்பெனி எஞ்சின் இன்னொண்ணு எங்கயாச்சும் செத்துக் கெடந்தா அதுலேர்ந்து புடுங்கி மாட்டிக்க. அதான் வழி.”

“எங்க கெடக்கும்?”

“பழைய இரும்புக்கடையைக் கேளு. என்னைக் கேட்டா?”

பழைய இரும்புக்கடைகளில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் கிடந்தது, டூரிங் டாக்கீஸுக்கு கரண்டு எடுத்த எஞ்சின் கிடந்தது, பட்டாளத்து மோட்டார் சைக்கிள் கிடந்தது. எதுவும் பொருந்தவில்லை. ஒரு மேக்னட்டோ பார்க்க அதே மாதிரி இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கம் சுற்றுவது. இன்னொன்றுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கடைசிக் கடையில் காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒரு தார்ப்பாய் மேல் துருப்பிடித்த எஞ்சின் ஒன்றைப் பாரமாக வைத்திருந்தார்கள். அதன் பக்கவாட்டில் சீப்புப் பல் மாதிரி வரிவரியாகத் தகடுகள்.

அதுவும் வேறு எஞ்சின்தான். பரமானந்தம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். வரிவரியாகத் தகடு, மேலே பாரமாக இரும்பு. அக்கா வீட்டில் கோழிகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை மேல் இருப்பது இதே வடிவம்.

கிளப்புக்கு மிசினை வாங்கிய துரை, தன் பங்களாவுக்கும் அதேபோல் ஒன்றை அதே கப்பலில் தருவித்தார். துரை செத்து, துரைசானி சீமைக்குத் திரும்பியபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். மிசினின் உருளையை யாரோ தோட்டத்துக்கு என்று கழற்றிக்கொண்டு போனார்கள். இறுகிப்போன எஞ்சினை எவனும் கேட்கவில்லை. பங்களாவில் வேலைக்கு நின்ற கித்தேரியம்மாளைப் பார்த்து, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றாள் துரைசானி. அவள் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பஞ்சாரத்து மேல் வைத்தாள். மரநாய் பஞ்சாரத்தைப் புரட்டாமல் இருக்க அந்தக் கனம் சரியாக இருந்தது. பரமானந்தம் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். கோழி எச்சமும் அடுப்புக் கரியும் ஏறி அது எஞ்சின் என்பதே மறந்துபோயிருந்தது. ஆனால் அது வீட்டுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அத்தனை வருஷமும் புகையில் காய்ந்திருந்தது. ஈரம் ஏறியிருக்க வழியில்லை.

மறுநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பஞ்சாரத்து மேல இருக்கிற இரும்புல ஒரு சாமான் வேணும்.”

“மரநாய்க்கு யாரு பதில் சொல்றது?”

“கல்லு வச்சுக்கலாம்.”

“என்ன சாமான்?”

சொன்னான். முறம் நின்றது.

“அத மாட்டுனா மிசின் ஓடுமா?”

“ஓடும்னுதான் நெனைக்கிறேன்.”

“மிசின் ஓடுனா நாங்க?”

பரமானந்தம் பஞ்சாரத்தைப் பார்த்தான்.

“அங்க என்னடா பாக்குறே, என்னையப் பாத்துச் சொல்லு. நாங்க எங்க போறது?”

“கெழங்கு வேலை இருக்கும்ல?”

“கெழங்கு தோண்டுறது ஆடியிலடா. சித்திரையில மண்ணையா தோண்டுவாக?”

“ரூமு போயிரும்க்கா. புள்ளகுட்டியோட நான் எங்க போவேன்?”

“இங்க வா. பஞ்சாரத்துக்குப் பக்கத்துல எடம் கெடக்கு.” அவள் கேலியாகச் சொல்லவில்லை. “எங்களுக்கு எப்படா ரூமு இருந்துச்சு? நீ மிசின் தள்ளப் போன அன்னைக்கு நான் ஒன்ன ஒரு வார்த்தை கேட்டனா?”

“கேக்கல.”

“கேக்கல. போகட்டும், தம்பி பொழைக்கட்டும்னு விட்டேன். இப்ப எங்க முறை. துரைசானி எனக்குக் குடுத்தது, நான் தலையில சொமந்தது. தர மாட்டேன். கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போ.”

கஞ்சியைக் குடித்துவிட்டு வந்தான்.

அடுத்த நாள் சமையல்காரன் வந்து அறையின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தானாம். பரமானந்தத்தின் பெண்டாட்டி பாத்திரங்களைத் தேய்த்து மூலையில் அடுக்க ஆரம்பித்தாள்.

அதற்கு மறுநாள் காலையில், வரிசை கிளப் புல்லில் இருக்கும்போது, பரமானந்தம் அட்டுவம்பட்டிக்கு நடந்தான். அக்கா வீட்டுக் கதவுக்குப் பூட்டு கிடையாது, கயிறுதான். முடிச்சை அவிழ்த்தான். கரியைச் சுரண்டினான், போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தான். கோழிகள் எட்டாத தூரத்தில் நின்று பார்த்தன. மேக்னட்டோ கையோடு வந்தது. போன கனத்துக்கு ஈடாக வாசலில் கிடந்த ஒரு கல்லை எஞ்சின் மேல் வைத்தான். கயிற்றை அதே முடிச்சாகக் கட்டினான்.

வெயில் ஏறியிருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து துடைத்து, முனைகளை உரசி, பழைய உளிக்குறியைப் பார்த்துப் பொருத்தினான். கம்பியைக் கையில் பிடித்துத் தோட்டக்காரனைச் சுற்றச் சொன்னபோது முழங்கை உதறியது. மூன்றாவது இழுப்பில் மிசின் கத்தியது.

அவன் அதைப் புல்லுக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். கித்தேரியம்மாள் மட்டும் உட்கார்ந்தபடியே மிசினைப் பார்த்தாள், அப்புறம் தம்பியைப் பார்த்தாள். அறுவாளைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். செக்ரட்டரி வராந்தாவில் நின்று கையைத் தட்டினார். “நாளையிலேர்ந்து ஆள் வேண்டாம்” என்றார்.

மறுநாள் காலையில் எதிர்ப்பட்ட ஆள் தெரியாத பனி. பரமானந்தம் டின்னோடு ரொட்டிக்கடைக்குப் போனான்.

“எடம் இல்ல பரமா” என்றான் உபகாரம்.

“ரொட்டிதான் எடுத்தாச்சே.”

“எடுத்தாச்சு. எடம் இல்ல.”

உள்ளே புஷ்பமேரி மாவுப் பலகையை ஓசை எழ நிமிர்த்தி வைத்தாள்.

உபகாரம் குரலைத் தாழ்த்தினான். “அடுப்பு எம்பேர்லதான் இருக்கு. அதுக்கு முன்னாடி நின்னு மாவு பெசையிறது அவதானே? நான் தெரியாம அடுப்பப் பத்த வச்சதுல இத்தனை பேர் கஞ்சி குடிச்சாகளாம், நீ வந்து அதுல மண்ணப் போட்டயாம். நான் என்ன சொல்லட்டும்? வேணும்னா ஒரு ரொட்டி எடுத்துட்டுப் போ.”

ரொட்டி வேண்டாம் என்று மேலே ஏறினான். அப்படியே மாட்டி இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். தோட்டக்காரன் இழுத்தான். செக்ரட்டரி கம்பளிக் குல்லாவோடு வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

“நேத்து ஓடிச்சே!”

“ஓடிச்சுங்க சார். பனி.”

“இதுக்கு முன்னாடியும் பனி இருந்துச்சே! அப்ப எப்படி ஓடிச்சு?”

ஊரெல்லாம் சிரித்த ரொட்டி அடுப்பு விஷயம் அவர் காதுக்கு மட்டும் போகவில்லை. பரமானந்தம் குனிந்து கயிற்றை மறுபடி சுற்றினான். கேட்டுக்கு வெளியே பனிக்குள் இருமல் சத்தம் கேட்டது. செக்ரட்டரி எட்டிப் பார்த்தார். சுவரோரமாகப் பெண்கள் வரிசையாகக் குத்தவைத்திருந்தார்கள், மடியில் அறுவாள். யாரும் வரச் சொல்லவில்லை.

“சரி, வந்து அறுங்க” என்றார் அவர் எரிச்சலோடு. “நிக்கிற புல்லு நின்னுட்டே இருக்குமா? வெரசா ஆகட்டும்.”

வெயில் ஏறியபோது மேக்னட்டோ தானாகக் காய்ந்து மிசின் கிளம்பியது. பெண்கள் போனார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

நான்காவது நாள் கித்தேரியம்மாள் கொட்டகைக்கு வந்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெட்ரோல் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பரமானந்தம் பிளேடைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“மரநாய் ஒரு கோழியத் தூக்கிட்டுப் போயிருச்சு.”

அவன் நிமிர்ந்தான்.

“நீ வச்ச கல்லு உருண்டைக் கல்லு. ஒரே தள்ளுல உருண்டுருச்சு. இரும்பக் கழட்டத் தெரியுது, கல்லு வைக்கத் தெரியல ஒனக்கு. எல்லாம் வெள்ளைக்காரன் சொல்லிக் குடுத்தாத்தான் வரும் போல.”

“வேற கோழி வாங்கித் தாறேன்.”

“தருவே. வெடக்கோழி அது. முட்டை வைக்கிற பருவம்.” கொஞ்ச நேரம் மிசினைப் பார்த்தாள். “இத ஒன் வீட்டு அடுப்புல வச்சுக் காய வைக்கலாம்ல?”

“வைக்கலாம்.”

“ஏன் வைக்கல?”

“வெறகு ஈரம். சூடு ஒரு நெதானமா நிக்காது. இன்னொரு தடவ உருகுச்சுன்னா அதோட போச்சு. இனி இதுக்கு மாத்துக் காயிலு கெடையாது.”

“அதுக்குத்தான் வைக்கலயா?”

அவன் பிளேடைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் துடைத்தான்.

“காயிலத்தான எடுத்தே? மிச்சமெல்லாம் எம் பஞ்சாரத்து மேலதான் கெடக்கு. நாளைக்கு இதுல வேற ஒண்ணு போனா யார்கிட்ட வருவே? மெட்ராஸ்காரன் தருவானா? ‘தூக்கி ஏரியில போட்ருவோம்க்கா, மிசினு எப்பத்தான் சாகும்’னு புஷ்பமேரி குதிச்சா. நான் வேணாம்னேன்.”

“ஏன்?”

“ஒன் ரூமு அதுலதானே கெடக்கு.” தூக்குச்சட்டியைக் கையில் எடுத்தாள். “பனி இருக்கிற வரைக்கும் புல்லு எங்களுது. வெயில் ஏறிட்டா ஒன்னுது. அப்ப நாங்க மிசின் ஏறாத மேட்டுப் பக்கமும் மரத்தடியும் அறுப்போம். ஒங்க செக்ரட்டரிகிட்ட எப்படிச் சொல்லணுமோ சொல்லிக்க. நீ சொன்னா அவர் நம்புவாரு, நீதான மிசின்காரன்.”

பரமானந்தம் அன்றே போய்ச் சொன்னான். காயில் பழசு, பனியில் ஓடாது, ஓட்டினால் நிரந்தரமாகப் போய்விடும், வெயில் ஏறிய பிறகுதான் எடுக்க முடியும் என்றான். அதில் பொய் எதுவும் இல்லை. செக்ரட்டரி மோவாயைச் சொறிந்தார். பழைய இரும்புக்குப் போட்டு முழுநாள் ஆள் வைப்பதைவிட இது குறைச்சலாகத்தான் ஆகும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டார். பெண்களுக்கு அரைநாள் கூலி என்றார். முழுநாள் கேட்டார்கள். தரவில்லை. அரைநாளுக்கு ஒத்துக்கொண்டார்கள். மேட்டுப் பக்கம் அறுப்பதை அந்த அரைநாளிலேயே சேர்த்துவிட்டார் அவர். வரிசையில் இரண்டு பேர் இது கட்டாது என்று நின்றுவிட்டார்கள்.

டோர்னமெண்டுக்கு முந்தின நாள் பனி விலகவே இல்லை. மத்தியானமும் விளக்குப் போட வேண்டியிருந்தது. செக்ரட்டரி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பெண்கள் அறுத்து அறுத்து, நடு மைதானம் மட்டும் மிச்சம் இருந்தது. அங்கே அறுவாள் ஓடினால் ஏற்ற இறக்கம் தெரியும், பந்து கோணும். பரமானந்தம் மிசின் பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தான். புஷ்பமேரி புல் தட்டிக்கொண்டே எழுந்து வந்தாள்.

“டின்ன எடுத்துட்டு வாங்க” என்றாள். “இன்னைக்கு ஒரு நாளைக்கு. நாளைக்குப் பந்து கோணுனா ஒங்க ரூமும் போகும், எங்க அரைநாளும் போகும்.”

அடுப்பு வாயில் அவளே நின்றுகொண்டாள். டின்னை வெளியே எடுக்கும் வரைக்கும் உபகாரத்தை விறகுப் பக்கம் போக விடவில்லை.

டோர்னமெண்ட் நடந்தது. கோப்பை கொடுத்தார்கள். பழைய இரும்புப் பேச்சைக் கமிட்டியில் யாரும் எடுக்கவில்லை. சமையல்காரன் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு அறை பார்த்துக்கொண்டான். பரமானந்தத்தின் பெண்டாட்டி அடுக்கி வைத்த பாத்திரங்களை மறுபடி பரப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பரமானந்தம் ஒரு வெடக்கோழி வாங்கி, காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு அட்டுவம்பட்டிக்குப் போனான். கித்தேரியம்மாள் அதை வாங்கி, அடிவயிற்று இறகை ஊதிப் பார்த்தாள்.

“போனது இத விடக் கனம்” என்றாள். கட்டை அவிழ்த்துப் பஞ்சாரத்துக்குள் விட்டாள்.

எஞ்சினைத் தூக்கி மேலே வைத்தது பரமானந்தம்தான். கூடவே ஒரு தட்டைக் கல்லையும் வைத்தான். வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை. கரி உரிந்த இடத்தில் கார்புரேட்டரின் பித்தளை தெரிந்தது. கிளப் மிசினில் அந்தப் பாகம் ஒழுக ஆரம்பித்திருந்தது.

“என்னடா பாக்குறே?”

“ஒண்ணுமில்ல.”

“வேணும்னா வந்து கேளு. கதவைத் தொறக்காத.”

“கேட்டாத் தருவியா?”

“கேளு, பாப்போம்.”

வெளியே வந்தபோது பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை மிசினுக்கு வேலை இருக்காது.